வௌவால் ஏன் வீடு மாறுகிறது: ஒட்டுண்ணியின் நாள்கணக்கும் ஒரு காட்டுக் கூட்டமும்

ஜெர்மனியின் வூர்ஸ்பூர்க் நகரை ஒட்டிய காடுகளில், கோடை நாளொன்றில், வௌவால்கள் தங்குவதற்காக மரத்தில் மாட்டிய ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து பெண் வௌவால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்குவதைக் காணலாம். இரண்டு மூன்று நாள் போனால் அதே பெட்டி காலியாகக் கிடக்கும். பெட்டி உடையவில்லை, ஒழுகவில்லை, யாரும் தொந்தரவு செய்யவில்லை. இருந்தும் கூட்டம் கிளம்பிவிட்டது. தேடினால் அதே காட்டில் வேறொரு பொந்தில் இருக்கும். அங்கிருந்தும் சீக்கிரமே கிளம்பிவிடும். ஒரே கோடையில் ஒரு கூட்டம் 50 பொந்துகள், பெட்டிகள் வரைகூட மாறி மாறித் தங்குகிறது.

வீடு மாறுவது சும்மா நடக்கிற காரியம் இல்லை. புது இடத்தைத் தேட வேண்டும். கூட்டத்தில் உள்ளவர்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். பறக்கத் தெரியாத குட்டி இருந்தால் தாய் அதையும் சுமந்துகொண்டே பறக்க வேண்டும். இத்தனை செலவு செய்து ஒரு விலங்கு நல்ல வீட்டை விட்டுப் போகிறதென்றால், அந்த வீட்டில் நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சரியில்லை. இந்தக் கட்டுரை அந்த ஏதோ ஒன்றைப் பற்றியது.

ஒட்டுண்ணி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது தப்பும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டால் விஷயத்தின் அழகே போய்விடும். வௌவாலைப் பிடிக்கும் ஒட்டுண்ணிகள் பலவகை. சில பிறப்பு முதல் இறப்பு வரை வௌவாலின் உடம்பிலேயே இருக்கின்றன. சில பாதி வாழ்நாளை உடம்பிலும் மீதியைப் பொந்தின் சுவரிலும் கழிக்கின்றன. சில சுவரிலேயே குடியிருந்து சாப்பாட்டுக்கு மட்டும் வௌவாலிடம் வந்து போகின்றன. இந்த மூன்று வகைக்கும் வௌவால் தரும் பதில் மூன்று விதம். ஒட்டுண்ணி எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால், வௌவால் எங்கே குடியிருக்கும் என்பது பாதி புரிந்துவிடும். இதை வைத்துத்தான் கீழே உள்ள வழக்குகளைப் பார்க்கிறேன்.

காட்டுக் கூட்டம்

முதல் வழக்கின் நாயகி பெக்ஸ்டைன் வௌவால். யோஹான் மத்தேயஸ் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளரின் பெயர் இதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. எடை சுமார் 10 கிராம், காதுகள் நீளம், பழைய இலையுதிர் காடுகள்தான் இதன் உலகம். கோடையில் பெண்கள் மட்டும் சேர்ந்து பேறுகாலக் கூட்டம் அமைக்கின்றன. ஆண்கள் தனித்தனியாக வேறு பொந்துகளில் தங்குகின்றன. ஆண்டுக்கு ஒரு குட்டி. பெண் குட்டி வளர்ந்தாலும் தாயின் கூட்டத்திலேயே இருந்துவிடுகிறது. வேற்றுக் கூட்டத்துப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வது மிக அரிது. ஆகவே பாட்டி, தாய், மகள், சித்தி என்று தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் ஒரே காட்டுத் துண்டில் வாழ்ந்து வருகிறது.

கெரால்ட் கெர்த் என்ற வௌவால் ஆய்வாளர் 1993 முதல் இந்தக் கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார். அரிசி மணி அளவிலான அடையாளச் சில்லை வௌவாலின் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால், பெட்டியின் வாசலில் பொருத்திய கருவி அது நுழைவதையும் வெளியேறுவதையும் குறித்துக்கொள்ளும். யார், எந்த இரவில், எந்தப் பெட்டிக்குப் போனார் என்று ஆண்டுக்கணக்கில் குறிப்பு கிடைக்கிறது. பெண்கள் இரவில் இரைதேடும் நேரத்துக்கு நடுவே வேறு பெட்டிகளுக்கும் போய் எட்டிப் பார்ப்பதும் இதில் தெரியவந்தது. பகலில் தங்கப் போகும் வீட்டை இரவிலேயே சோதனை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2003இல் கெர்த்தும் கார்ஸ்டன் ரெக்கார்ட்டும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரு பெட்டியைப் பற்றி ஏற்கனவே தெரிந்த பெண்களோடு சேர்ந்து, தெரியாத பெண்களும் அங்கே வருகின்றன. வீடு பற்றிய செய்தி கூட்டத்துக்குள் பரவுகிறது. இத்தனை ஏற்பாடும் இருக்கிற ஒரு விலங்கு ஏதோ பழக்கதோஷத்தில் இடம் மாறுகிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

சுவரில் காத்திருக்கும் ஈ

இந்த வௌவாலின் ரோமத்துக்குள் ஒரு ஈ வாழ்கிறது. பெயர் பேசிலியா நானா. ஈ என்றதும் பறக்கிற ஒன்றை நினைக்க வேண்டாம். இதற்கு இறக்கையே கிடையாது. நீண்ட கால்களோடு பார்ப்பதற்குச் சிலந்தி மாதிரி இருக்கும். வௌவாலின் ரத்தம்தான் உணவு. வளர்ந்த ஈ தன் காலத்தை வௌவாலின் மேலேயே கழிக்கிறது.

ஆனால் அதன் குஞ்சு அப்படியில்லை. இந்த ஈக்கள் மற்ற ஈக்களைப் போல நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதில்லை. தாய் ஈயின் வயிற்றுக்குள்ளேயே ஒரு புழு, ஒரே ஒரு புழு, பொரிந்து, தாயின் சுரப்பிகள் தரும் பால் போன்ற திரவத்தைக் குடித்து முழுதாக வளர்கிறது. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயும் இதே முறைதான், இரண்டும் உறவுக்காரர்கள். புழு முற்றியதும் தாய் ஈ வௌவாலை விட்டு இறங்கிப் பொந்தின் சுவரில் அதை ஒட்டிவிட்டு மறுபடி வௌவாலின் மேல் ஏறிக்கொள்கிறது. ஒட்டப்பட்ட புழு சீக்கிரமே இறுகிக் கூட்டுப்புழு ஆகிவிடுகிறது.

இங்கேதான் நாள்கணக்கு தொடங்குகிறது. கெர்த்தும் ரெக்கார்ட்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தக் கூட்டுப்புழு ஈயாக உருமாறக் குறைந்தது 30 நாள் ஆகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இது நடக்கிறது. உருமாறி முடித்த ஈ உடனே வெளியே வந்துவிடுவதும் இல்லை. கூட்டுக்குள்ளேயே காத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு வௌவால் வந்தால்தான் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ரத்தம் கிடைக்காத காலிப் பொந்தில் வெளியே வந்தால் அது சாவுதான். அதனால் இந்தப் பொறுமை.

இப்போது வௌவாலின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பெட்டியில் இன்று தங்கினால் ஈக்கள் சுவரில் கூட்டுப்புழுவை ஒட்டும். நாளைக்கும் அடுத்த நாளும் அந்தக் கூட்டுப்புழுக்களால் ஆபத்து இல்லை, அவை இன்னும் பச்சை. ஆனால் ஒரு மாதம் கழித்து அதே பெட்டிக்குள் நுழைந்தால், சுவரெல்லாம் கதவைத் திறக்கத் தயாராக ஈக்கள். நிரந்தரமாக அங்கேயே தங்கினால் இன்னும் மோசம்: தினமும் முற்றுகிற ஒவ்வொரு ஈக்கும் வாசலிலேயே விருந்து. ஆக அந்தப் பெட்டி நிரந்தரமாகக் கெட்டுவிடவில்லை. சில நாள்களில் பாதுகாப்பு, சில நாள்களில் ஆபத்து, ஈக்கள் காத்திருந்து செத்துப்போனால் மறுபடி பாதுகாப்பு. வீட்டுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கில் ஈ எவ்வளவு இழக்கிறது என்பதையும் அதே ஆய்வு பார்த்தது. கூட்டுப்புழுக்களில் பெரும்பாலானவை நல்லபடியாகவே உருமாறி முடித்தன. ஆனால் பெண் கூட்டங்களின் பொந்துகளில் விடப்பட்டவற்றில் பலவற்றுக்கு வௌவால் திரும்பி வரவே இல்லை. தனியாக வாழும் ஆண்களின் பொந்துகளில் நிலைமை வேறு. ஆண் அடிக்கடி இடம் மாறுவதில்லை, அதனால் அங்கே ஒட்டப்பட்ட கூட்டுப்புழுவுக்கு ஓம்பி, அதாவது ஏறிக்கொள்ள ஒரு வௌவால், கிடைக்கும் வாய்ப்பு தெளிவாகவே அதிகமாக இருந்தது. அதே காடு, அதே ஈ, அதே வௌவால் இனம். பெரிய வித்தியாசம் வீடு மாறும் பழக்கத்தில்தான். இந்த ஒப்பீட்டை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இதை யாரும் செயற்கையாக உருவாக்கவில்லை. காடே செய்து வைத்திருந்த சோதனை அது.

வௌவாலுக்குத் தெரியுமா?

சரி, வீடு மாறுவதால் ஈ குறைகிறது. அதற்காக ஈயைத் தவிர்க்கத்தான் வௌவால் வீடு மாறுகிறது என்று ஆகிவிடாது. வேறு காரணத்துக்காக மாறும்போது ஈயும் தற்செயலாகத் தொலைந்திருக்கலாம். இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு முடிவு சொல்லிவிடுகிறார்கள். கெர்த்தும் ரெக்கார்ட்டும் அவசரப்படவில்லை.

2007இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று களச்சோதனை: வௌவால்களுக்கு முன்னால் தொற்றும் நிலையில் உள்ள பெட்டியும் தொற்று இல்லாத பெட்டியும் இருந்தபோது, அவை தொற்று இல்லாததையே அதிகம் தேர்ந்தெடுத்தன. இரண்டாவது, 9 ஆண்டுகளின் தங்கல் குறிப்புகள். எந்தப் பெட்டியில் எப்போது கூட்டம் தங்கியது என்பது தெரியும். ஈயின் வளர்ச்சி நாள்கணக்கும் தெரியும். ஆகவே எந்தப் பெட்டி எந்த நாளில் அதிக ஆபத்து என்று கணக்கிட முடியும். அப்படிக் கணக்கிட்டுப் பார்த்தபோது, முற்றிய கூட்டுப்புழுக்கள் இருக்க வாய்ப்புள்ள நாள்களில் வௌவால்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குத் திரும்புவதைத் தவிர்த்திருந்தன. அசுத்தமான வீட்டை மொத்தமாக ஒதுக்குவது இல்லை இது. கூட்டுப்புழுவின் வயதுக்கு ஏற்றபடி வௌவாலின் போக்குவரத்து அமைந்திருக்கிறது.

எப்படித் தெரிந்துகொள்கின்றன? இங்கே ஆய்வாளர்கள் காட்டிய நேர்மை எனக்குப் பிடித்தது. வௌவால் கூட்டுப்புழுவையே கண்டுகொள்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. ஒன்று, ஒட்டுண்ணியை நேரடியாக உணரலாம். அல்லது அதனோடு சேர்ந்தே இருக்கிற வேறொன்றை, உதாரணமாகப் பெட்டியில் கிடக்கும் எச்சத்தை, அடையாளமாகக் கொள்ளலாம். கூட்டம் தங்கிய இடத்தில்தான் எச்சம் இருக்கும், எச்சம் இருக்கும் இடத்தில்தான் ஈயின் குஞ்சும் இருக்கும். அப்படியானால் வாடையே போதும், எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

எல்லாம் தெரிந்தும் ஏன் திரும்பிப் போகிறது?

வழக்கில் ஒரு முரண் இருக்கிறது. தொற்று நிறைந்த சில பெட்டிகளுக்கு வௌவால்கள் திரும்பியே போயின. தவிர்க்க முடிந்தும் தவிர்க்கவில்லை. ஆய்வாளர்கள் தந்த விளக்கம், அந்தப் பெட்டிகளின் வெப்பநிலை அவ்வளவு சாதகமாக இருந்திருக்க வேண்டும் என்பது.

இதைப் புரிந்துகொள்ள 2001ஆம் ஆண்டின் இன்னொரு சோதனைக்குப் போக வேண்டும். கெர்த் தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கறுப்பு வண்ணப் பெட்டிகளையும் வெள்ளைப் பெட்டிகளையும் வெயிலிலும் நிழலிலும் மாட்டினார். ஒரே மாதிரிப் பெட்டிதான், உள்ளே வெப்பம் மட்டும் வேறு. பெண்கள் குட்டி போடுவதற்கு முன்பு குளிர்ந்த பெட்டிகளை விரும்பின. குட்டி பிறந்த பிறகு சூடான பெட்டிகளுக்கு மாறின. குட்டிக்குச் சூடு கிடைத்தால் வளர்ச்சி வேகமாக நடக்கும், தாய்க்கும் உடல் சூட்டைக் காக்கும் செலவு குறையும்.

ஆக வௌவால் ஒரு வீட்டைப் பார்க்கும்போது குறைந்தது இரண்டு விஷயத்தை ஒன்றாக எடைபோடுகிறது: இந்த வாரம் எனக்கு எவ்வளவு சூடு வேண்டும், இந்தச் சுவரில் எத்தனை ஈ காத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாதபோது சில நேரம் சூடு ஜெயிக்கிறது. ஈயை வாடகை மாதிரி கொடுத்துவிட்டுக் குடியிருக்கிறது. இந்த வாடகைப் பேச்சு என் சொல், ஆய்வாளர்களின் சொல் அல்ல. ஆனால் அவர்கள் முடிவும் இதுதான், ஒட்டுண்ணியின் செலவையும் வீட்டின் வசதியையும் சமன்செய்வதே தங்குமிடத் தேர்வு.

அந்தச் செலவு எவ்வளவு உண்மையானது என்பதற்கும் சான்று வேண்டும். பெரிய எலிக்காது வௌவால் என்ற வேறோர் இனத்தில், இறக்கைச் சவ்வில் வாழும் இறக்கைச் சிற்றுண்ணியை வைத்து 2001இல் நடந்த ஆய்வு ஒன்று இதை அளந்தது. உண்ணிகள் கூடக்கூட வௌவால் உடம்பைச் சொறிந்து நக்கிச் சுத்தம் செய்யும் நேரம் கூடியது, ஓய்வு குறைந்தது, உட்கொள்ளும் ஆக்சிஜனும் கூடியது. பகல் முழுக்கத் தூங்கி ஆற்றலைச் சேமிக்க வேண்டிய விலங்குக்கு இது சின்ன இழப்பு இல்லை. அதோடு வௌவால் ஈக்கள் ரத்தம் குடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. மலேரியாக் கிருமிக்கு உறவான பாலிகுரோமோஃபிலஸ் என்ற ஒற்றைச்செல் உயிரியை ஒரு வௌவாலிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதும் இவைதான்.

இரண்டாவது வழக்கு: மூட்டைப்பூச்சி

ஈக்கு அடுத்த படி, முழுக்க வீட்டிலேயே குடியிருக்கும் ஒட்டுண்ணி. மனிதர்களுக்கு நன்றாகவே தெரிந்த குடும்பம் இது: மூட்டைப்பூச்சி. வௌவாலைக் கடிக்கும் மூட்டைப்பூச்சியும் நம் படுக்கையில் இருப்பதும் ஒரே பேரினம். வௌவால் மூட்டைப்பூச்சி பெட்டியின் இடுக்கில் ஒளிந்திருக்கும், பசித்தால் வந்து ரத்தம் குடிக்கும், மறுபடி இடுக்குக்குப் போய்விடும். முட்டையும் அங்கேதான். உடம்பில் தேடினால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. ஆகவே வௌவாலைப் பிடித்து ஒட்டுண்ணிகளை எண்ணும் வழக்கமான முறையில் இது கண்ணிலேயே படாது. பல பழைய ஆய்வுகள் ஒட்டுண்ணிக்கும் தங்குமிடத்துக்கும் தொடர்பைக் காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

செக் குடியரசில் தோமாஷ் பார்த்தொனிச்காவும் சக ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்டது சொப்ரானோ பிபிஸ்ட்ரெல் என்ற சின்னஞ்சிறு வௌவால். சாதாரண பிபிஸ்ட்ரெல்லின் குரல் 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது, இதன் குரல் 55ஐ ஒட்டியது. இந்தக் குரல் வித்தியாசத்தில்தான் இது தனி இனம் என்பது 1990களில் தெளிவானது. 2007இல் அவர்கள் பெட்டிகளில் மூட்டைப்பூச்சியின் எண்ணிக்கை பருவத்துக்குப் பருவம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும், வௌவால்கள் எப்போது இடம் மாறுகின்றன என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்து, முதலாவது இரண்டாவதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம், அவ்வளவுதான். பூச்சியும் பெருகுகிறது, வௌவாலும் போகிறது என்பதிலிருந்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிக வலுவாகத் தோன்றுகிற சான்று. 2013இல் வெளியிட்டார்கள். அந்த வௌவால்களை 8 ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், அவை ஒரே பெட்டியில் மீண்டும் குட்டி வளர்ப்பதைத் தவிர்ப்பது தெரிந்திருந்தது. பிறகு 3 ஆண்டு, ஒவ்வொரு வசந்தத்திலும், 6 பெட்டிகளிலிருந்து மூட்டைப்பூச்சி முழுவதையும் அகற்றினார்கள். அந்த மூன்று ஆண்டும் சுத்தமான பெட்டிகள் எல்லாவற்றிலும் வௌவால்கள் குட்டி வளர்த்தன.

இதன் எடையைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பெட்டி அதே பெட்டி. இடம் அதே இடம். வெயில், நிழல், உயரம், வாசல் எதுவும் மாறவில்லை. பூச்சி மட்டும் இல்லை, பழக்கம் மாறிவிட்டது. பெக்ஸ்டைன் வழக்கில் வௌவாலுக்குத் தேர்வு கொடுத்துப் பார்த்தார்கள். இங்கே காரணம் என்று சந்தேகப்பட்டதையே எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். நோய்க்குக் காரணம் இது என்று நினைத்தால், அதை நீக்கினால் நோய் போக வேண்டும். போயிற்று.

பூச்சி எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதையும் அளந்தார்கள். வௌவால் முதன்முதல் வந்த நாளிலிருந்து 21 முதல் 56 நாளுக்குள் சுத்தமான பெட்டியில் மூட்டைப்பூச்சி மறுபடி தென்பட்டது. முதலில் வந்தவை வளர்ந்த பூச்சிகள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். பக்கத்துப் பெட்டிகளில் சிறு பருவப் பூச்சிகள் ஏராளமாக இருந்தும் அவை முதலில் வரவில்லை. கர்ப்பிணிப் பூச்சி ஒன்று வௌவாலின் மேல் ஏறிப் பயணித்தாலே புது வீட்டில் ஒரு குடும்பம் தொடங்கிவிடும் அல்லவா? வீடு மாறும்போது வௌவாலே சில நேரம் தன் தொல்லையைக் கூடவே தூக்கிச் செல்கிறது. ஆனாலும் பூச்சி பெருகச் சில வாரம் பிடிக்கும். வௌவால் வாங்குவது அந்தச் சில வாரத்தைத்தான். குட்டி பிறந்து பறக்கக் கற்கும் காலத்துக்கு அது பெரிய உதவி.

உடம்பை விட்டு இறங்காத உண்ணி

மூன்றாவது வகை, இறக்கைச் சிற்றுண்ணி. பெக்ஸ்டைன் வௌவாலின் இறக்கைச் சவ்வில் ஸ்பின்டர்னிக்ஸ் பேரினத்து உண்ணி ஒன்று வாழ்கிறது. முழு வாழ்நாளும் உடம்பில்தான். ஒரு வௌவாலிலிருந்து இன்னொன்றுக்கு உடம்போடு உடம்பு உரசும்போது மட்டுமே தாவும். இதற்கு எதிராக வீடு மாறி என்ன பயன்? எங்கே போனாலும் கூடவே வரும். இங்கே வேலை செய்யக்கூடியது ஒன்றே, யாரோடு தூங்குவது என்ற முடிவு. தனியாகத் தூங்கும் ஆண்களுக்கு உண்ணி குறைவு, நெருக்கியடித்துத் தூங்கும் தாய்மார்களுக்கு அதிகம்.

அதோடு கர்ப்பகாலத்தில் பெண்ணின் நோய் எதிர்ப்பு வலு குறைகிறது. பெரிய எலிக்காது வௌவாலில் 2000இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. உண்ணியும் அதே நேரத்தில் பெருகுகிறது. தாய்க்கு வேறு வழியில்லை. கூட்டமாக ஒண்டினால்தான் குட்டிக்குச் சூடு. ஆகவே இந்த ஒட்டுண்ணியை அவள் வீட்டைக் கொண்டு வெல்ல முடியாது, நக்கிச் சொறிந்து சமாளிக்கிறாள்.

ஈயும் உண்ணியும் ஒரே வௌவாலில் வாழ்ந்தும் எவ்வளவு வேறு வாழ்க்கை வாழ்கின்றன என்பதை மரபணு ஆய்வும் காட்டியிருக்கிறது. உண்ணிகள் கூட்டத்துக்குக் கூட்டம் மரபில் வேறுபட்டிருக்கின்றன, ஏனென்றால் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஈக்களில் அந்தப் பிரிவு இல்லை. சுவரில் விடப்பட்ட கூட்டுப்புழு, அடுத்து அந்தப் பொந்துக்குள் வருகிற எவருடைய ரோமத்திலும் ஏறிக்கொள்ளும் என்றால் அது நியாயம்தானே.

காட்டுக்கு வெளியே

இவை எல்லாம் ஐரோப்பியப் பெட்டிகளில் நடந்தவை. வெப்பமண்டலத்தில் வௌவால்கள் குகையில், மரப்பொந்தில், இலைக்கு அடியில் என்று எங்கெங்கோ தங்குகின்றன. அங்கேயும், ஒட்டுண்ணியின் முகவரியை வைத்து வௌவாலைப் புரிந்துகொள்ளும் இந்தக் கணக்கு நிற்கிறதா?

பெரும்பாலும் நிற்கிறது. பெலீஸ் நாட்டில் ஹன்னா டெர் ஹோஃப்ஸ்டேட்டும் பிராக் ஃபென்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பொந்து போன்ற மூடிய இடங்களில் தங்கும் இனங்களுக்கு ஒட்டுண்ணி அடர்த்தி அதிகம், இலைகளில் தங்கும் இனங்களுக்குக் குறைவு. வெனிசுவேலாவில் திரட்டிய பெரிய தொகுப்பை வைத்து புரூஸ் பேட்டர்சனும் மற்றவர்களும் 2007இல் இதே போக்கைக் கண்டார்கள்: தங்குமிடம் எவ்வளவு நிலையானதோ, எவ்வளவு மூடியதோ, அவ்வளவுக்கு வௌவால் ஈ அதிகம். சுருண்ட இலைக்குள் தங்கும் தட்டிறக்கை வௌவாலை எடுத்துக்கொள்ளுங்கள். இலை ஒரு நாளில் விரிந்துவிடும், அடுத்த நாள் வேறு இலை. ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய கூட்டுப்புழுவுக்கு அங்கே சுவரே இல்லை.

ஆனால் இங்கே காரணமும் விளைவும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதில் கவனம் வேண்டும். ஈக்குப் பயந்து அந்த இனங்கள் இலைக்குப் போயின என்று இந்த ஒப்பீடுகள் சொல்லவில்லை. இலையில் தங்குகிறவர்களுக்கு ஈ குறைவு என்று மட்டுமே சொல்கின்றன. சூசன் லூயிஸ் 1995இல் செய்த தொகுப்பாய்வு இதற்குத் துணை நிற்கும்: எளிதில் கிடைக்கிற, நிலையில்லாத தங்குமிடம் கொண்டவை அடிக்கடி மாறுகின்றன, குகை, கட்டடம் போல அரிதான, நிலையான இடம் கொண்டவை ஒட்டிக்கொள்கின்றன. மாற இடம் இருந்தால்தானே மாற முடியும். லட்சக்கணக்கில் ஒரே குகையில் வாழ்கிற கூட்டத்துக்கு அடுத்த குகை எங்கே? அது ஈயோடுதான் வாழ வேண்டும். ஒட்டுண்ணி வௌவாலைத் தள்ளுகிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பதைக் காடு தீர்மானிக்கிறது.

பெட்டி மாட்டுகிறவர்களுக்கும் மரம் வெட்டுகிறவர்களுக்கும்

பெக்ஸ்டைன் வௌவால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட உத்தரவில் இரண்டாம் இணைப்பிலும் நான்காம் இணைப்பிலும் இருக்கிறது. அதாவது அதற்கென்று காப்பகப் பகுதிகள் ஒதுக்க வேண்டும், அது இனப்பெருக்கம் செய்யும் இடங்களையும் ஓய்வெடுக்கும் இடங்களையும் அழிக்கக்கூடாது. சட்டம் நல்லது. ஆனால் ஓய்விடம் என்று எதை எண்ணுவது?

ஒரு காட்டைக் கணக்கெடுக்கப் போகிறவர் ஒரு நாள் போய், வௌவால் இருக்கிற பொந்து ஒன்றைக் குறித்துக்கொண்டு, மற்றவை காலி என்று எழுதிவிட்டால், மேலே பார்த்த அத்தனை ஆய்வும் வீண். காலியாக இருக்கிற பொந்துதான் இந்தக் கூட்டத்தின் பாதுகாப்பு. அங்கே கூட்டுப்புழுக்கள் பட்டினி கிடக்கின்றன. குளிர்ந்த பொந்து மே மாதத்துக்கு, சூடான பொந்து ஜூலைக்கு. பொந்துள்ள நாற்பது மரத்தில் முப்பத்தைந்தை வெட்டிவிட்டு ஐந்தை விட்டுவைத்தால் கூட்டம் உடனே செத்துவிடாது; ஐந்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவரில் ஈக்கள் முற்றியிருக்கும். மரம் வெட்டியதன் விளைவு அப்படி ரோமத்துக்குள் போய்ச் சேரும், கணக்கெடுப்பில் தெரியாது.

பெட்டி மாட்டுகிறவர்களும் ஒற்றைப் பெட்டியை மாட்டிவிட்டு, ஜூன் மாதம் நிறைந்திருந்தது ஜூலையில் காலியாகிவிட்டதே என்று வருந்துவதுண்டு. வருந்த வேண்டாம், கழற்றவும் வேண்டாம். பக்கத்திலேயே இன்னும் சில பெட்டிகளை, சிலவற்றை வெயில் படும்படியும் சிலவற்றை நிழலிலும், மாட்டிவையுங்கள். வௌவால்கள் இல்லாத குளிர்காலத்தில், அந்த ஊர்ச் சட்டம் அனுமதித்தால், பழைய எச்சத்தை வழித்தெடுத்து இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். ஜூலையில் காலியாக இருந்த பெட்டிக்கு அடுத்த மே மாதம் ஒரு தாய் இரவில் வந்து எட்டிப் பார்ப்பாள்.